கோட்டுக்குள் அரைக்கைச் சட்டை

கல்யாணப் பத்திரிகையின் அடியில், விருந்து நேரத்துக்குக் கீழே, உடையைப் பற்றி இரண்டே சொல் போட்டிருந்தார்கள்: ஸ்மார்ட் கேசுவல். அன்றிலிருந்து குடும்பத்தின் வாட்ஸ்அப் குழு தூங்கவில்லை. ஜிப்பா ஆகுமா, ஜீன்ஸ் ஆகுமா, கடற்கரைதானே, செருப்பே போதாதா என்று ஆளாளுக்கு ஒரு கேள்வி. பெண்ணின் அப்பா பிரெட்ரிக், தனக்குத் தெரியாத விஷயத்தில்தான் உரத்துத் தீர்ப்புச் சொல்வார். "ஸ்மார்ட்டாவும் இருக்கணும், கேசுவலாவும் இருக்கணும், அவ்வளவுதான்லா" என்று ஒரு குரல் பதிவைப் போட்டுவிட்டு அவர் ஒதுங்கிக்கொண்டார்.

எல்லோருக்கும் அது வேடிக்கை. மலேசியாவின் குளுவாங்கில் இருந்த பிரெட்ரிக்கின் தங்கை கணவர் அமலநாதனுக்கு மட்டும் அது வேடிக்கையாக இல்லை. கடற்கரையில், வெயிலில், விருந்தாளியாகப் போகும் ஆண்பிள்ளை கேசுவலாக என்ன போடுவான்? அரைக்கைச் சட்டை போடுவான். அமலநாதனால் அரைக்கைச் சட்டை போட முடியாது.

அவருடைய இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. இடது கையில், மணிக்கட்டுக்கு மேலே, அறுவை செய்து இரண்டு இரத்த நரம்புகளைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்த நரம்பு வீங்கி, முழங்கை வரைக்கும் கயிறு போல எழுந்து நின்றது. திங்கள், புதன், வெள்ளி காலைகளில் அதில் இரண்டு ஊசியைக் குத்தி இயந்திரத்தோடு பிணைத்து இரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்புவார்கள். இந்த நாட்டில் அந்தக் கையைப் பார்த்து இது என்ன என்று கேட்க ஆள் கிடையாது. சீனி போட்ட தேநீரைத் தண்ணீருக்குப் பதிலாகக் குடித்து வளர்ந்த ஜனம். தெருவுக்கு ஒரு வீட்டில் அப்படி ஒரு கை இருக்கிறது. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

தெரியக்கூடாத ஒரே ஆள் அவருடைய மகள் கிறிஸ்டின். கல்யாணம் சனிக்கிழமை. திங்கட்கிழமை அவள் அயர்லாந்துக்கு விமானம் ஏறுகிறாள். சிங்கப்பூரில் மருந்துக் கம்பெனி ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவளை, அதே கம்பெனி அங்கே பெரிய பொறுப்பு கொடுத்துக் கூப்பிட்டிருந்தது. அந்த விமானம் தரையை விட்டுக் கிளம்பும் வரைக்கும் அந்தக் கை அவள் கண்ணில் படக்கூடாது. அமலநாதனுக்கு இந்த உலகத்தில் வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை.

காரணம் பழையது. சில வருஷங்களுக்கு முன்னால் ஸ்காட்லாந்தில் மேல்படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்து, டிக்கெட்டும் எடுத்து, கம்பளிக் கோட்டும் வாங்கியாகிவிட்டது. புறப்படுவதற்கு முந்தைய வாரம் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலையில் இருந்த அமலநாதனுக்கு நெஞ்சு வலி வந்தது. லேசான வலிதான், பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் சொன்ன பிறகும் கிறிஸ்டின் கட்டிலோரத்தில் உட்கார்ந்து, நான் போகவில்லை என்றாள். போகவும் இல்லை. சிங்கப்பூரில் ஓர் அறை எடுத்துத் தங்கி, வார இறுதியில் எல்லைப் பாலத்து நெரிசலில் நின்று, முகம் வெளிறி வீடு வந்து சேர்வாள். அவளுக்குக் கதவைத் திறந்துவிடும் ஒவ்வொரு முறையும், பெற்ற பிள்ளையின் வாழ்க்கையை நாமே தின்றுவிட்டோம் என்று அவர் மனசுக்குள் குமைவார். இன்னொரு தடவை தின்ன மாட்டேன் என்று அவர் அந்தோணியார் படத்துக்கு முன்னால் சத்தியம் செய்திருந்தார்.

ஆகவே அவரும் மனைவி எவ்லினும் மாதக்கணக்கில் நாடகம் போட்டார்கள். காலையில் எங்கே போனார் என்றால் பழைய நண்பரின் இரும்புக் கடையில் உதவிக்குப் போனார். ஏன் இளைத்தார் என்றால் சர்க்கரைக்குப் பயந்து சோற்றைக் குறைத்தார். வீட்டிலும் ஏன் முழுக்கைச் சட்டை என்றால் மூட்டுக் குளிர்ச்சி. மகள் வந்து உட்கார்ந்தால் எழுந்து போய் தன் வலது கை அவள் பக்கம் இருக்கும்படி நாற்காலியை மாற்றிப் போட்டுக்கொள்வார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர் இந்த வயதில் அதில் கைதேர்ந்துவிட்டார்.

வேலையை விட்டுவிட்டு வியாழக்கிழமை கிறிஸ்டின் வந்து இறங்கினாள். பெரிய பெட்டியைக் கூடத்தின் நடுவில் திறந்து வைத்தாள். அதில் ஒரு ஜோடி கையுறையைப் போட்டாள். அதோடு பெட்டி அப்படியே கிடந்தது. போக மனசில்லாமல் தவிக்கிறது பிள்ளை என்று அமலநாதன் உருகினார். மாலையில் அவள் ஒரு பையைப் பிரித்து மூன்று பேருக்கும் வாங்கி வந்த துணியை எடுத்துப் போட்டாள். எல்லாம் ஒரே நிறம், பாண்டான் இலையின் பச்சைச் சாறு கலந்த பால் நிறம். அம்மாவுக்குச் சேலை, தனக்கு ஒரு நீள கவுன், அப்பாவுக்குச் சட்டை. லினன் துணி, வெயிலுக்கு இதமாக இருக்கும் என்று தடவிக் காட்டினாள். மூன்று பேரும் ஒரே நிறத்தில் நின்று ஒரு படம் எடுத்து அதை அங்கே கொண்டுபோக வேண்டுமாம். சட்டை, சொல்ல வேண்டியதே இல்லை, அரைக்கை.

மறுநாள் காலையில், அமலநாதன் இயந்திரத்தோடு கிடந்த நேரத்தில், எவ்லின் சட்டைக்கு இஸ்திரி போட உட்கார்ந்தாள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு கைக்குட்டையைக்கூடக் கருக்காதவள், சூடான பெட்டியை மார்புப் பையின் மேல் வைத்து, தீயும் வாடை வரும் வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பிறகு ஐயோ என்றாள். கிறிஸ்டின் ஓடிவந்து பார்த்து, திட்டவில்லை, அம்மாவின் கையில் சுட்டதா என்றுதான் பார்த்தாள். உடனே காரை எடுத்துக்கொண்டு ஸ்கூடாயில் இருக்கும் கடை வரைக்கும் போய், நெரிசலில் அரை நாளைத் தொலைத்துவிட்டு, அதே நிறத்தில் அதே அரைக்கையில் இன்னொன்றை வாங்கி வந்தாள். அளவுகூட சரியாகக் கிடைத்துவிட்டது என்று அவள் சந்தோஷப்பட்டபோது எவ்லின் அடுப்படிக்குள் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இப்படிப்பட்ட பிள்ளையை எப்படித்தான் ஏமாற்றுவது?

அமலநாதன் கடைசி ஆயுதத்தை எடுத்தார். அலமாரியில் சாயப் பூ வேலை செய்த முழுக்கை பாத்திக் சட்டை ஒன்று இருந்தது. மலேசியாவில் முழுக்கை பாத்திக் போட்டவனை எந்த மண்டபத்து வாசலிலும் யாரும் கேள்வி கேட்க முடியாது. அமைச்சரும் அதைத்தான் போடுகிறார், ஆபீஸ் பியூனும் அதைத்தான் போடுகிறார். தான் அதையே போட்டுக்கொள்வதாகவும், அதுதான் மரியாதை என்றும் சாப்பாட்டு மேசையில் மெல்லச் சொன்னார்.

கிறிஸ்டின் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"சட்ட புடிக்கலையா, இல்ல நான் போறதே புடிக்கலையா?" என்றாள். "எப்ப வந்தாலும் மொகத்தத் தூக்கி வச்சிக்கிறீங்க. பக்கத்துல ஒக்காந்தா எந்திரிச்சிப் போறீங்க. போவாதன்னு ஒரு வார்த்த சொல்லுங்கப்பா. நான் இருந்துடறேன்."

அமலநாதனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சட்டையைப் போட்டால் அவள் போக மாட்டாள். போடாவிட்டாலும் போக மாட்டாள். இப்படி ஒரு மூலையில் மனிதனைக் கொண்டுவந்து நிறுத்த ஒரு சட்டையால் முடியும் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர் சிரித்திருப்பார். அவசரமாக, பிடித்திருக்கிறது, ரொம்பப் பிடித்திருக்கிறது, அதைத்தான் போடுவேன் என்று சொல்லி, சோற்றில் கையை வைத்தார். கிறிஸ்டின் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லுங்கப்பா என்று இன்னொரு தடவை கேட்டாள். அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

அறைக்குள் போனதும் எவ்லின் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கோட்டை எடுத்தாள். மகளின் பட்டமளிப்பு விழாவுக்காகத் தைத்த கருநீலக் கோட்டு. கனத்த துணி, உள்ளே பட்டு மாதிரி வழுவழுப்பு, குளிரூட்டிய மண்டபத்துக்காகத் தைத்தது. சட்டைக்கு மேலே இதைப் போட்டுக்கொண்டால் சட்டை போட்டதும் ஆயிற்று, கை மறைந்ததும் ஆயிற்று. எதற்கும் இருக்கட்டும் என்று பிரெட்ரிக்குக்கு ஃபோன் போட்டுக் கேட்டார்கள். கோட்டு போட்டால் ஸ்மார்ட், பட்டனைப் போடாமல் விட்டால் கேசுவல் என்று அவர் அடுத்த தீர்ப்பையும் சொல்லிவிட்டார். அமலநாதன் போட்டுப் பார்த்தார். உடம்பு இளைத்ததில் தோள் தொங்கியது, கோட்டின் கை விரல் வரைக்கும் வந்தது. அந்த மட்டில் நல்லதுதான் என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை காலையில் மாதா கோயிலில் பூசை. அங்கே கோட்டு பொருத்தமாகவே இருந்தது. விசிறி தலைக்கு மேலே சுற்றியது. அப்பா மாப்பிள்ளை மாதிரி இருக்கிறார் என்று கிறிஸ்டின்கூடச் சிரித்தாள். தேசாரு கடற்கரைக்குப் போனதும் கழற்றிவிடுங்கள், அங்கே வெந்துவிடுவீர்கள் என்று மட்டும் சொன்னாள்.

வெந்துதான் போனார்.

விருந்து கடலை ஒட்டிய ஒரு விடுதியின் புல்வெளியில். பிற்பகல் வெயில் சாய்ந்து வந்து ஆளை நேராகப் பார்த்து அடித்தது. கடற்காற்று வரும் என்று நம்பி மின்விசிறி வைக்காமல் விட்டிருந்தார்கள். காற்று அன்றைக்கென்று எங்கோ வேறு கல்யாணத்துக்குப் போயிருந்தது. வெள்ளை நாற்காலிகள் தொட்டால் சுட்டன. ஆண்கள் அத்தனை பேரும் அரைக்கையில் இருந்தார்கள். பூப் போட்டது, கோடு போட்டது, சிலர் முட்டி வரை காற்சட்டையில்கூட. சிங்கப்பூரிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டுச் சீனப் பெரியவர் ஒருவர் அமலநாதனைப் பார்த்து மரியாதையாகத் தலை குனிந்து, நிகழ்ச்சி எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்டார். கோட்டு போட்டவர் விடுதி மேலாளராகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்திருந்தார்.

வியர்வை முதுகில் ஆறாக ஓடியது. சட்டை உடம்போடு ஒட்டியது. அதைவிடக் கொடுமை தாகம். அவரைப் போன்றவர்கள் நாள் முழுக்கக் குடிக்கக்கூடியது ஒரு சின்னப் போத்தல், அதிலும் பாதி மாத்திரை விழுங்கப் போய்விடும். கூடுதலாகக் குடித்த தண்ணீருக்கு வெளியேற வழி இல்லை, நெஞ்சில் போய்த் தங்கும். நாக்கு மரக்கட்டையாகி மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சுற்றிலும் ஜனங்கள் குளிர்ந்த கண்ணாடிக் குவளைகளோடு திரிந்தார்கள். ஐஸ் மோதும் ஓசை அவருக்குக் காதுக்குள் கேட்டது.

அப்போது கிறிஸ்டின் ஒரு இளநீரைக் கொண்டுவந்து கொடுத்தாள். பனிப்பெட்டியிலிருந்து எடுத்து அப்போதுதான் சீவியது, ஓட்டின் மேல் நீர் துளிர்த்திருந்தது. குடிங்கப்பா, மூஞ்செல்லாம் செவந்து போச்சி என்று பக்கத்திலேயே நின்றாள். இளநீரைத் தொடவே கூடாது, நெஞ்சுத் துடிப்பு நின்றுவிடும் என்று இயந்திரம் போடும் தாதி அவரிடம் பலமுறை சொல்லியிருந்தாள். அவர் குழலை வாயில் வைத்துக் கன்னத்தை உள்ளிழுத்துக் காட்டினார். உறிஞ்சவில்லை. உதட்டில் ஒரு துளி பட்டது. அந்த ஒரு துளியின் இனிப்பில் அவருக்குக் கண் இருட்டியது. நல்லா இருக்கும்மா என்றார். யாரோ கூப்பிட்டு அவள் போனதும் இளநீரைச் சவுக்கு மரத்தின் பின்னால் கொண்டுபோய் மணலில் கவிழ்த்தார். மணல் அதைச் சத்தமில்லாமல் குடித்தது. நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, நாய்க்குக் கிடைக்கிற தண்ணீர் எனக்கு இல்லையே என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அதன் பிறகு படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். மணப்பெண் ஐலீன் நடுவில் நிற்க, அத்தை எவ்லின் குடும்பம் ஒரு பக்கம், அப்பா அம்மா ஒரு பக்கம். கோட்டைக் கழற்றிவிடலாமே ஐயா என்று படம் எடுப்பவர் சொன்னார். கிறிஸ்டினும் கெஞ்சினாள், இந்த ஒரு படத்துக்கு மட்டும், இதற்காகத்தானே ஒரே நிறத்தில் வாங்கினேன் என்று. அவர் சிரித்து மழுப்பிக்கொண்டிருந்த நேரத்தில், பின்னாலிருந்து பிரெட்ரிக் விளையாட்டாக அவர் கோட்டின் கழுத்தைப் பிடித்து இழுத்தார். வலது தோள் விடுபட்டுக் கோட்டு முழங்கைக்கு இறங்கியது. இடது பக்கமும் நழுவத் தொடங்கியது.

"கைய எடுடா."

மச்சானை அவர் வாழ்நாளில் ஒருமையில் அழைத்ததில்லை. பாட்டு வைப்பவர்கூடத் திரும்பிப் பார்த்தார். ஐலீனின் சிரிப்பு அப்படியே நின்று, பிறகு மெல்ல அணைந்தது. கல்யாணப் பெண்ணின் முகத்தில் அதைப் பார்க்க வேண்டி வந்ததே என்று அமலநாதனுக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. முதுகுப் பிடிப்பு, திடீரென்று சுருக்கென்றது என்று எதையோ முனகினார். பிரெட்ரிக், பரவால்லலா, வெயில்தான் என்று பெரிய மனசாகச் சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். கோட்டோடுதான் படம் எடுத்தார்கள். கிறிஸ்டின் படத்துக்குச் சிரிக்கவில்லை.

கழிவறைச் சுவரில் சாய்ந்து நின்றவரைத் தேடி எவ்லின் வந்தாள். மெல்லிய காகிதத்தில் சுற்றிய ஒரே ஒரு ஐஸ் கட்டியை அவர் வாயில் வைத்தாள். அதை அவர் கண்ணை மூடிக்கொண்டு சப்பினார்.

"சொல்லிடுவோங்க," என்றாள் எவ்லின். "என் புள்ள மூஞ்சப் பாக்க முடியல. அப்பாவுக்கு நம்ம மேல வெறுப்புன்னு நெனச்சிக்கிட்டே அது பிளேன் ஏறணுமா?"

வெறுத்துக்கொண்டு போனாலும் சரி, போனால் போதும் என்றார் அவர். இன்னும் இரண்டே நாள் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு பிச்சை கேட்பது போலக் கேட்டார். அவள் அவர் நெற்றியைச் சேலைத் தலைப்பால் ஒற்றிவிட்டாள்.

வெயில் இறங்கியது. கேக் வெட்டினார்கள், சீன வழக்கப்படி யாம் செங் என்று மூச்சு முட்டக் கத்தி எல்லோரும் குவளையைக் காலி செய்தார்கள், அமலநாதன் காலிக் குவளையை உயர்த்தினார். பிறகு ஆட்டம். மணப்பெண் அப்பாவோடு முதலில் ஆடுவதும், பாட்டு பாதி போனதும் வந்திருக்கும் எல்லா அப்பாக்களையும் மகள்களையும் அறிவிப்பாளர் அழைப்பதும் அந்தக் குடும்பத்துக் கல்யாணங்களில் எழுதாத சட்டம். பிரெட்ரிக் ஐலீனைப் பிடித்துக்கொண்டு கண் கலங்க ஆடினார். பெயரைச் சொல்லிக் கூப்பிடாவிட்டாலும் எல்லோருடைய பார்வையும் அமலநாதன் பக்கம் வந்தது. அவ்வளவு கத்திவிட்டு இப்போது உட்கார்ந்திருக்க முடியுமா? கிறிஸ்டின் எதிரில் வந்து நின்றாள். வரீங்களாப்பா என்று அவள் கேட்ட குரலில், மாட்டேன் என்றுதான் சொல்வீர்கள் என்பது இருந்தது. அதைத் தாங்காமல் எழுந்தார்.

கோட்டைக் காத்தார், தண்ணீரைக் காத்தார், எந்தப் பக்கத்து நாற்காலி என்று பார்த்தார். ஜோடி ஆட்டத்தில் ஆண்பிள்ளை நீட்டுவது இடது கை என்பதை மட்டும் மனுஷன் மறந்துபோனார். வலது கை அவள் முதுகில் இருந்தது. இடது கையைக் கிறிஸ்டின் தானாகவே எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள். தொளதொளத்த கோட்டுக் கைக்குள் அவள் விரல்கள் மணிக்கட்டு வரை போயின.

"அப்பா, ஃபோன் அடிக்குது," என்றாள்.

தைத்துச் சேர்த்த நரம்பில் இரத்தம் சுழித்து ஓடும்போது அது விர்ரென்று ஓயாமல் அதிரும். அவருக்கு அது பழகிப்போயிருந்தது. என்ன சொல்வதென்று தெரியாமல், ஃபோன் இல்லம்மா, புது வாட்ச் என்றார். கையை இழுக்கப் பார்த்தார். அவள் விடவில்லை. கோட்டுக் கையை மேலே தள்ளினாள்.

கயிறு போன்ற நரம்பு முழங்கை வரைக்கும் தெரிந்தது. முந்தின நாள் ஊசி போட்ட இரண்டு இடத்திலும் வட்டப் பிளாஸ்திரி. கிறிஸ்டின் அந்தப் பிளாஸ்திரிகளை விரலால் தொட்டாள். எப்போதிருந்து என்று கேட்டாள். அவர் சொன்னார். அவள் கண்கள் நிரம்பி வழிந்தன. ஐயோ அப்பா என்று அந்தக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுது மூச்சு விட்டு நிமிர்ந்தாள்.

"நான் போவல. ஃபோன் பண்ணி வரலன்னு சொல்லிடறேன்."

அமலநாதன் அவள் முகத்தைப் பார்த்தார். இந்த முகத்தை முன்பும் பார்த்திருக்கிறார், மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு. அன்றைக்கு அதை அன்பு என்று நினைத்தார். அன்புதான், அதில் பொய் இல்லை. ஆனால் அந்தக் கண்ணீருக்குக் கீழே இன்னொன்று இருந்தது. நாளைக்குப் பரீட்சை இல்லை என்று கேள்விப்பட்ட பிள்ளையின் முகம் அது. தோள் தளர்ந்து, பாரம் இறங்கி, அப்பாடா என்று இருந்தது. அவருக்கு ஒவ்வொன்றாகப் புரிந்தது. கையுறையோடு நின்றுபோன பெட்டி. போவாதன்னு சொல்லுங்கப்பா, சொல்லுங்கப்பா என்று அவள் விடாமல் கேட்டது. அவர் மறைத்தது கையை, அவள் மறைத்தது பயத்தை. இத்தனை வருஷமாக அவர் தின்றுவிட்டதாக நினைத்து அழுத வாழ்க்கையை அவர் தின்னவே இல்லை.

அவருக்குக் கோபம் வந்தது. மகள் மேல் அவ்வளவு கோபம் அவருக்கு வந்ததே இல்லை. கூடவே, தூக்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

"வேணாம்மா," என்றார். "என்னய சாக்கா வச்சிக்காத."

கிறிஸ்டின் கையை உதறினாள். என்ன பேசுகிறீர்கள் என்றாள். உங்களுக்காக நான் எதையெல்லாம் விட்டேன் என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். சுற்றிலும் அப்பாக்களும் மகள்களும் சுழன்று போனார்கள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பத் தெரியும் ஒங்களுக்கு?"

"இப்பத்தான்."

அவர் கோட்டைக் கழற்றினார். வியர்வையில் ஊறிய கனத்த கோட்டு தோலைப் போல உரிந்து வந்தது. அதைப் புல்லில் போட்டார். மாலைக் காற்று, கடைசியில் வந்தேவிட்ட காற்று, இரண்டு கைகளிலும் பட்டது. பிரெட்ரிக் அந்தக் கையைப் பார்த்துவிட்டு ஆட்டத்தை நிறுத்தியதும், எவ்லின் நாற்காலியை விட்டு எழுந்ததும் அவருக்குத் தெரிந்தது. யார் பார்த்தால் என்ன, மறைக்க வேண்டியவளிடமே மறைக்க முடியவில்லை. இடது கையை மறுபடியும் நீட்டினார். கிறிஸ்டின் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பிடித்தாள், இந்தத் தடவை உள்ளங்கை முழுதும் படும்படி.

"பயமா இருக்குப்பா. அங்க எனக்கு ஒருத்தரையும் தெரியாது. அன்னிக்கும் இப்படித்தான்."

தெரியும் என்றார். தைரியம் சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை. தனக்கும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்த ஊசியைப் பார்த்தால் ஓடிவிடலாம் போல இருக்கிறது என்று மட்டும் சொன்னார். இருவரும் ஆட்டம் என்று சொல்ல முடியாத எதையோ ஆடிக்கொண்டிருந்தார்கள். அவள் கண்ணீர் புதுச் சட்டையின் தோளை நனைத்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் நிமிர்ந்து, திங்கட்கிழமையா என்று கேட்டாள். திங்கள், புதன், வெள்ளி, காலையில் போனால் வர மத்தியானம் ஆகும் என்றார். அவள் விமானம் திங்கட்கிழமை மத்தியானம், சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து. அன்றைக்கு மட்டும் போகாமல் இருந்துவிடலாம் என்றிருக்கிறேன், ஒரு தடவை விட்டால் ஒன்றும் ஆகாது, உன்னை அனுப்பிவிட்டு மறுநாள் போய்க்கொள்வேன் என்று அவர் சொன்னார். சொல்லும்போதே அது சரியில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. அவர் கால்கள் வீங்கியிருந்ததை அவள் அப்போதுதான் குனிந்து பார்த்தாள்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க ஏர்போர்ட்டுக்கு வர வேணாம்," என்றாள். "போயி மெஷின்ல படுங்க. அம்மாவும் ஒங்ககூடவே இருக்கட்டும். நான் பஸ்ஸு புடிச்சிப் போயிக்கிறேன்."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் இத்தனை மாதம் பொய் சொன்னார், இந்த வெயிலில் கோட்டைச் சுமந்தார், இளநீரை மண்ணில் ஊற்றினார். போயிக்கிறேன் என்று அவள் வாயால் சொல்லிவிட்டாள். அவள் போகும்போது கையசைக்கக்கூடத் தான் அங்கே இருக்க மாட்டோம் என்பதை அவர் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. மகளை வழியனுப்பும் அந்த நேரத்தில் தான் ஊசியோடு படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்போம் என்பது இப்போது வந்து நெஞ்சில் அடித்தது.

சரிம்மா என்றார். அதற்கு மேல் அவரால் ஆட முடியவில்லை.